அணியும் அச்சாணியும்

வீட்டைக் காண வருவோர் வாயில் வளைவையும் சுவரின் வண்ணத்தையும் பாராட்டுவர். மண்ணுக்குள் புதைந்து கிடந்து அவ்வீட்டைத் தாங்கும் கடைக்காலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லார். இஃது உலக வழக்கு. இதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் எது அழகுக்காக அமைந்தது, எது பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்தது என்னும் வேறுபாட்டை மறந்துவிட்டால் இருவகையில் கேடு விளையும். அழகைக் காப்பதாக எண்ணி வீட்டை இழக்க நேரிடும். அல்லது சுமையைக் குறைப்பதாக எண்ணித் தூணையே பெயர்த்தெறிய நேரிடும்.

இவ்வேறுபாட்டை விளக்க வாசக அன்பர்களைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குடும்ப இதழில் கேளிக்கை வண்டியைப் பற்றி ஒரு குரு எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். நம் ஆண்டவர் புளித்த மாவையும், மீன் வலையையும், சந்தைவெளியில் அமர்ந்து விளையாடும் சிறுவரையும் எடுத்துக்காட்டிப் போதித்தார். எனவே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெற்றோர் கற்கவேண்டிய பாடம் ஒன்று கிடைக்குமாயின் அதைத் தள்ளிவிடுதல் தகாது.

மேலை நாடுகளில் தோன்றி, இன்று உலகெங்கும் பரவியுள்ள 'ரோலர் கோஸ்டர்' என்னும் வண்டியைப் பலரும் நேரிலோ படத்திலோ கண்டிருப்பீர்கள். சங்கிலியால் உச்சிக்கு இழுத்துச் செல்லப்படும் வண்டித்தொடர், அங்கிருந்து தன் எடையினாலேயே சரிந்து, மேட்டிலும் பள்ளத்திலும் விரைந்தோடி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். அவ்வண்டிகளுக்கு உருவம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். ஒன்றின் முகப்பில் பறவைநாகத்தின் தலை இருக்கும். மற்றொன்று பந்தயக் காராகவும், வேறொன்று போர் விமானமாகவும் தோன்றும். அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1979இல் திறக்கப்பட்ட 'பிக் தண்டர் மவுண்டன்' என்னும் வண்டித்தொடரின் முன்னால் பழங்கால நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. குழந்தைகள் அதுவே தங்களை இழுத்துச் செல்வதாக நம்பி மகிழ்கின்றனர். உண்மையில் அந்த எஞ்சின் எதையும் இழுப்பதில்லை. அஃது ஓர் அணிகலன், அவ்வளவே.

இத்தகைய அணிகலன்கள் பல, ஆண்டுகள் செல்லச் செல்லக் கழற்றப்படுகின்றன. ஏன் பூட்டினர், ஏன் கழற்றினர், கழற்றியபின் எஞ்சியது என்ன என்று ஆராய்ந்தால், அக்கேள்விகள் நம் இல்லத்தின் வாயிலுக்கே வந்து நிற்பதைக் காண்போம்.

பேரரசியின் சறுக்கு மலை

பனிக்காலத்தில் மரச்சட்டங்களால் உயர்ந்த மேடை கட்டி, அதன் சரிவில் நீரை ஊற்றி உறையச் செய்து, சறுக்குப் பலகையில் வழுக்கி இறங்குவது ரஷ்ய மக்களின் பழைய விளையாட்டு. 18ஆம் நூற்றாண்டில் பேரரசி இரண்டாம் கத்தரீன் இவ்விளையாட்டைக் கோடையிலும் ஆட விரும்பினார். புனித பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஒரானியன்பாம் என்னுமிடத்தில், இத்தாலியரான அந்தோனியோ ரினால்டி என்னும் சிற்பி அவருக்கென ஒரு சறுக்கு மலையை அமைத்தார். பனிக்குப் பதில் மரத்தடம். பலகைக்குப் பதில் சக்கர வண்டி. அவ்வண்டிகள் வெற்றித் தேர்களைப்போலவும், வெனிஸ் நகரத்து ஓடங்களைப்போலவும், சேணம் பூட்டிய விலங்குகளைப்போலவும் செதுக்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பெற்றிருந்தன. ஆக, இவ்விளையாட்டின் குழந்தைப் பருவத்திலேயே அணிகலன் வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டது.

அந்தச் சறுக்கு மலைக்கு என்ன நேர்ந்தது? பேரரசியின் காலத்துக்குப் பின் பராமரிப்பின்றி மரத்தடங்கள் சிதைந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை முற்றிலும் அகற்றப்பட்டன. சறுக்கத் தொடங்கும் இடத்தில் எழுப்பப்பட்ட அழகிய மண்டபம் மட்டும் இன்றும் நிற்கிறது. காண்போர் அதன் தூண்களையும் சித்திர வேலைப்பாடுகளையும் கண்டு வியக்கின்றனர். ஆனால் அங்கு எவரும் சறுக்க இயலாது. அணி நிலைத்தது, அஃது எதற்காக உண்டாயிற்றோ அது மறைந்தது. இக்காட்சியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1817இல் பாரிஸ் நகரில் இவ்வண்டிகள் மீண்டும் தோன்றின. சக்கரங்கள் தடத்தை விட்டு விலகாதபடி அவற்றைத் தடத்தோடு பிணைக்கும் ஏற்பாடு அங்கே செய்யப்பட்டது. அமெரிக்காவில் இதனைப் பொதுமக்கள் கேளிக்கையாக வளர்த்தவர் லா மார்க்கஸ் தாம்சன் என்பவர். கிறிஸ்தவப் பற்று மிக்க இவர், ஞாயிறு மறைப்பள்ளியில் கற்பித்தவர் என்றும், உழைக்கும் மக்களை மதுக்கடைகளிலிருந்து விலக்கித் தூய பொழுதுபோக்கை அளிக்க விரும்பினார் என்றும் கூறுவர். 1884ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க்கின் கோனித் தீவில் அவருடைய வண்டி ஓடத் தொடங்கியது. கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்வோர் அதனை எளிதில் முந்திவிடலாம்! எனினும் மக்கள் திரளாக வந்தனர்.

போட்டியாளர் பெருகவே, தாம்சன் அழகின் துணையை நாடினார். 1887இல் அட்லாண்டிக் நகரில் அவர் அமைத்த வண்டி இருண்ட குகைகளுக்குள் நுழையும். அங்கே தீட்டப்பட்ட காட்சிகள் விளக்கொளியில் திடீரெனத் தோன்றி மறையும். மக்களை நன்னெறியில் ஈர்க்க அழகைக் கருவியாகக் கொள்வது பழிக்கத்தக்கதன்று. நம் பங்கு விழாக்களில் கொடியும் தோரணமும் கட்டும் நாம் இதனை நன்கு உணர்வோம்.

அடியில் ஓடும் சக்கரம்

இனி வண்டியின் அடிப்புறத்தைக் குனிந்து பார்ப்போம். தொடக்ககால வண்டிகள் தண்டவாளத்தின்மேல் வெறுமனே அமர்ந்து ஓடின. பக்கவாட்டில் மரச்சட்டங்கள் அணைத்து நின்றன. மேட்டின் உச்சியை விரைவாகக் கடந்தால் வண்டி தடத்தை விட்டு எழும்பிவிடும். ஆதலால் மேடுகள் தாழ்வாகவே இருந்தன. பிரேக்கைப் பிடிக்க ஓர் ஆள் வண்டியிலேயே உடன் சென்றார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1912இல் திறக்கப்பட்ட பழைய வண்டியில் அத்தகைய ஆள் நின்றவாறே பயணிகளுடன் சுற்றிவருவது புகழ்பெற்ற காட்சி.

இந்நிலையை மாற்றியவர் ஜான் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலார். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர். 1919இல் அவர் பதிவு செய்த காப்புரிமை, தண்டவாளத்திற்கு அடியில் பொருத்தப்படும் ஒரு சக்கரத்தைப் பற்றியது. அதனால் வண்டிக்கு மூவகைச் சக்கரங்கள் அமைந்தன. மேலே ஓடும் சக்கரம் எடையைத் தாங்குகிறது. பக்கச் சக்கரம் வளைவில் வழிகாட்டுகிறது. அடிச்சக்கரம் தண்டவாளத்தைக் கீழிருந்து பற்றிக்கொண்டு, வண்டி மேலெழும்பிப் பறந்துவிடாமல் காக்கிறது. இன்று பெருவேகத்தில் பாய்ந்து, தலைகீழாகவும் சுழன்று வரும் வண்டிகள் அனைத்தும் இந்த ஏற்பாட்டை நம்பியே ஓடுகின்றன.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வண்டி சமதளத்தில் ஓடும்போது, பல அமைப்புகளில், அந்த அடிச்சக்கரம் தண்டவாளத்தைத் தொடுவதுகூட இல்லை. சிறிது இடைவெளி விட்டுச் சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. அவ்வேளையில் அதைக் காணும் அறியாதவர், இது வீண் சுமை, இதைக் கழற்றினால் என்ன என்று எண்ணக்கூடும். வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டி, பயணிகள் இருக்கையை விட்டு எழும்பும் அந்த ஒரு நொடியில்தான் அது தண்டவாளத்தைப் பற்றுகிறது. அத்தனை உயிர்களையும் காக்கிறது. எவரும் அதைப் படம் பிடிப்பதில்லை. அதற்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை.

கழற்றப்படுவதேன்?

முகப்பிலுள்ள அணிகலன்கள் கழற்றப்படுவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் மூன்று நமக்குப் பயன் தருவன.

முதலாவது, எடையும் அதிர்ச்சியும். வண்டி ஒவ்வொரு நாளும் பலநூறு முறை குலுங்குகிறது. வளைவில் ஒவ்வொரு பொருளின் எடையும் மூன்று நான்கு மடங்காகப் பெருகியதுபோல் அழுத்துகிறது. முகப்பில் பொருத்திய உருவம் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸால் ஆனது. அதன் திருகாணிகள் தளரும், விளிம்புகள் வெடிக்கும். எடை கூடக் கூட, வண்டியை மேலேற்றவும் நிறுத்தவும் வேண்டிய ஆற்றலும் கூடும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், சீடர் பாயிண்ட் பூங்காவில் 2003இல் திறக்கப்பட்ட 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்' இதற்குத் தக்க சான்று. அது 128 மீட்டர் உயரமுள்ளது. நான்கு நொடிக்குள் மணிக்கு 193 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதன் வண்டிகள் பந்தயக் கார்களைப்போல ஒப்பனை செய்யப்பட்டிருந்தன. அந்த ஒப்பனையில் ஒரு பகுதி பின்னாளில் கழற்றப்பட்டது. 2021 ஆகஸ்டு 15ஆம் நாள் அதே வண்டியிலிருந்து கையளவே உள்ள ஓர் உலோகத் தகடு கழன்று பறந்து, வரிசையில் காத்து நின்ற பெண்மணி ஒருவரின் தலையில் பட்டுப் பெருங்காயம் விளைவித்தது. அத்தகடு அலங்காரப் பொருள் அன்று; வண்டி எங்கே உள்ளது என்பதைக் கருவிகளுக்கு உணர்த்துவதற்காகப் பொருத்தப்பட்டது. தேவையான ஒரு தகடே இவ்வளவு துன்பத்திற்கு இடமளிக்குமாயின், தேவையற்ற ஒவ்வொரு பொருளும் எத்துணை எண்ணிப் பார்த்துப் பொருத்தப்படவேண்டும்! அந்த வண்டி அத்துடன் நிறுத்தப்பட்டது. புதிய ஏற்பாடுகளோடும் புதிய வண்டிகளோடும் 2024 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டு, வண்டிகளில் குறை கண்டு சில நாள்களிலேயே மூடப்பட்டு, 2025இல்தான் மறுபடி ஓடலாயிற்று.

இரண்டாவது காரணம், மறைப்பு. குளிர்காலத்தில் பூங்காக்கள் மூடப்படும்போது வண்டிகளை அக்கக்காகப் பிரித்துப் பரிசோதிப்பர். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைச் சாயம் பூசியும், காந்தத் துகள் தூவியும், ஒலியலைகளைச் செலுத்தியும் கண்டறிவர். அவ்வாறு செய்ய மேற்கூட்டைக் கழற்றியே ஆகவேண்டும். கூடு எவ்வளவு சிக்கலானதோ, அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் சட்டத்தைப் பார்ப்பது கடினம். எனவே பராமரிப்போருக்கு எளிய வண்டியே இனிய வண்டி.

மூன்றாவது காரணம் விந்தையானது. அந்த உருவம் இரவல் பொருளாக இருப்பது! அதே ஒகையோ மாநிலத்தில், கிங்ஸ் ஐலண்டு என்னும் பூங்கா ஒரு திரைப்பட நிறுவனத்திற்கு உரியதாய் இருந்தபோது, அந்நிறுவனத்தின் போர் விமானப் படமொன்றின் பெயரால் 'டாப் கன்' என்னும் வண்டி 1993இல் திறக்கப்பட்டது. 2006இல் பூங்கா வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. படத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை தொடரவில்லை. 2008இல் வண்டியின் பெயர் 'ஃபிளைட் டெக்' ஆயிற்று. 2014இல் 'தி பேட்', அதாவது வௌவால் ஆயிற்று. நேற்று விமானம், இன்று வௌவால்! தண்டவாளமோ அதே தண்டவாளம்.

பெயர் மாறினும்

நியூஜெர்சி மாநிலத்தில் 'மெடூசா' என்னும் வண்டி 1999இல் திறக்கப்பட்டது. பயணிகளின் காலடியில் தளம் இல்லாமல், கால்கள் அந்தரத்தில் தொங்க ஓடிய முதல் வண்டி அதுவே. 2009இல் அதற்குப் புதுவண்ணம் பூசி, இருக்கைகளில் இசையும் வழியில் தீப்பிழம்பும் அமைத்து, 'பிசாரோ' என்று பெயர் மாற்றினர். அது சித்திரக்கதை வீரனான சூப்பர்மேனின் தலைகீழ்ப் பிம்பமாக வரும் பாத்திரத்தின் பெயர். 2022இல் அந்தக் கோலம் களையப்பட்டு மீண்டும் 'மெடூசா' ஆயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000இல் திறக்கப்பட்ட 'சூப்பர்மேன்' வண்டியும் அதே 2009இல் 'பிசாரோ' ஆகி, 2016இல் சூப்பர்மேனாகவே திரும்பியது. கோலங்கள் வந்தன, போயின. இருப்புத் தடத்தின் மேடும் வளைவும் அன்று போலவே இருந்தன.

ஆயினும் அணிகலன் போனால் எதுவுமே போகவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. பாரிஸ் டிஸ்னிலாந்தில் 1995இல் திறக்கப்பட்ட 'ஸ்பேஸ் மவுண்டன்' இதற்குச் சான்று. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய சந்திரப் பயணக் கதையை ஒட்டி அஃது அமைக்கப்பட்டது. மலையின் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் பெரும் பீரங்கிக்குள்ளிருந்து வண்டி சீறிப் பாயும். இறுதியில் மனித முகம் கொண்ட நிலவு புன்னகைக்கும். ஏறியவர்கள் ஒரு கதைக்குள் வாழ்ந்து திரும்பினர். 2005இல் அக்கதை அகற்றப்பட்டு வண்டிகளும் புதுக்கோலம் பூண்டன. 2017இல் வேறொரு திரைப்படத்தின் கோலம் வந்தது. பயணம் அதே பாதையில்தான். ஆனால் பழைய கதையை அறிந்தவர்கள் எதையோ பறிகொடுத்தாற்போல் வருந்தினர். அவர்கள் வருத்தம் பொருளற்றதன்று. உடலைத் தாங்குவது சக்கரம். உள்ளத்தை அழைத்துச் செல்வது கதை. முகப்பிலுள்ள முகத்தைக் கண்டே குழந்தை வண்டியில் ஏறத் துணிகிறது.

திருச்சபையின் அனுபவம்

அணிகலனைச் சேர்ப்பதும் நீக்குவதும் திருச்சபைக்குப் புதிய சிக்கல் அன்று. பாலைவெளியில் சந்திப்புக் கூடாரத்தை அழகு செய்ய, பெட்சலேல் என்னும் கலைஞனை இறைவனே பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் உரைக்கிறது. அதே நூலில், பொற்கன்றை வழிபட்ட மக்கள் ஓரேபு மலையருகே தங்கள் அணிகலன்களைக் கழற்றிவிடுமாறு கட்டளை பெறுகின்றனர். பூட்டச் சொன்னவரும் இறைவனே. கழற்றச் சொன்னவரும் இறைவனே.

மோசே இறைக்கட்டளைப்படி செய்த வெண்கலப் பாம்பின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். பாம்புக்கடியுற்றோர் அதை ஏறிட்டு நோக்கி உயிர் பிழைத்தனர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் மக்கள் இறைவனை மறந்து அப்பாம்புக்கே தூபம் காட்டினர். பக்தியுள்ள எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார். நல்ல நோக்கத்தோடு வந்த அடையாளமாயினும், குறிக்கும் பொருளை மறைத்துவிட்டால் அதற்குரிய காலம் முடிந்தது என்பதே பொருள்.

12ஆம் நூற்றாண்டில் இரு பெருந்துறவியர் இதுபற்றி இருவேறு கருத்துக் கொண்டிருந்தனர். புனித பெர்நார்து, ஏறத்தாழ 1125இல் எழுதிய நூலொன்றில், மடாலயக் கோவில்களின் மிகையான அலங்காரத்தைக் கடுமையாகச் சாடினார். கல்லுக்குப் பொன் பூசி, ஏழையைப் பட்டினி போடுவது எந்த நியாயம் என்பது அவருடைய கேள்வியின் சாரம். ஆனால் எளிய மக்களின் பக்தியைத் தூண்ட ஆயர்களின் ஆலயங்களில் அணிகள் இருப்பதற்கு அவர் இடமளித்தார். மறுபுறம் பாரிஸ் நகருக்கருகே புனித தெனிசு மடாலயத்தின் அதிபர் சூஜே, கண்ணாடிச் சித்திரங்களும் மணிகளும் ஒளிவீசும் புதிய பீடப்பகுதியை 1144இல் அர்ச்சிக்கச் செய்தார். பொருளின் ஒளி மனத்தை மெய்யொளிக்கு உயர்த்தும் என்பது அவருடைய நம்பிக்கை. இருவரையும் திருச்சபை தன் மக்களாகவே போற்றுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், ஆலயக் கலையில் வெறும் ஆடம்பரத்தைவிட உயர்ந்த அழகையே நாடவேண்டும் எனப் பணித்தது. அதே சாசனம், ஆலயத்தின் அரிய கலைப்பொருள்கள் விற்கப்படாமலும் சிதறாமலும் காக்கப்படவேண்டும் என்றும் எச்சரித்தது. ஆயினும் பல நாடுகளில் ஆர்வ மிகுதியால் பழம்பொருள்கள் அகற்றப்பட்டன. 1971 ஏப்ரல் 11ஆம் நாள் குருக்களுக்கான பேராயம் உலக ஆயர் பேரவைகளுக்குச் சுற்றுமடல் விடுத்து, திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தைச் சாக்காகக் கொண்டு கலைச் செல்வங்கள் அழிக்கப்படுவதைக் கண்டித்தது. பூட்டுவதற்கு அறிவு வேண்டும். கழற்றுவதற்கு அதைவிட மிகுதியான அறிவு வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எது அணி? எது அச்சாணி?

அன்புள்ள பெற்றோரே! இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் குடும்பமும் மேடு பள்ளங்களில் ஓடும் வண்டியே. அதிலும் அணிகள் உண்டு. பிள்ளையின் புதுநன்மை விழாவுக்கு வெண்பட்டும் விருந்தும். மகளின் திருமணத்திற்கு மண்டபமும் மலர்ப்பந்தலும். கிறிஸ்து பிறப்புக்கு நட்சத்திரமும் குடிலும். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிலுக்கு வைக்கோல் பரப்பும் சிறுவனின் விசுவாசம் அந்த வைக்கோலில்தான் முளைவிடுகிறது. வறண்ட வீட்டில் வளரும் பிள்ளை விசுவாசத்தையும் வறண்டதென்றே எண்ணும்.

ஆனால் அந்த மூன்று காரணங்களை நினைவுகூருங்கள். அணி அளவுக்கு மீறிய எடை உடையதாகிவிட்டதா? ஒருநாள் விருந்துக்காக ஆறாண்டு வட்டி கட்டும் குடும்பம், முகப்பிலிருக்கும் பறவைநாகத்தின் தலைக்காக வண்டியையே முறிக்கிறது. அணி எதையேனும் மறைக்கிறதா? குடும்ப மானம் என்னும் அழகிய கூட்டுக்குள் குடிப்பழக்கமும், பேச்சற்ற கணவன் மனைவியும், அஞ்சி நடுங்கும் பிள்ளையும் வெடிப்புகளாக மறைந்திருக்கலாம். கூட்டைக் கழற்றிப் பாராமல் வெடிப்பைக் காண இயலாது. ஆண்டுதோறும் வண்டியைப் பிரித்துப் பார்க்கும் குளிர்காலம் பூங்காவுக்கு உண்டு. நமக்குத் தவக்காலமும் ஒப்புரவு அருட்சாதனமும் உண்டு. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியதை நாம் மறக்கலாகாது. இறுதியாக, அணி இரவல் பொருளா? அடுத்த வீட்டாரைப் பார்த்துப் பூண்ட கோலம், அவர் கோலம் மாறியதும் பொருளற்றுப் போகும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது வேறொன்று. அணியைக் கழற்றுவதாக எண்ணி அச்சாணியைக் கழற்றிவிடும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. காலம் போதவில்லை, சுமையைக் குறைக்கவேண்டும் என்று தொடங்குகிறார்கள். முதலில் நிற்பது எது? திருமணத்திற்குப் படம் பிடிப்பது நிற்பதில்லை. விருந்தின் வகைகளும் குறைவதில்லை. மாலைச் செபமாலை நிற்கிறது. பிறகு, அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது நிற்கிறது. தேர்வு வந்தால் பிள்ளைக்கு ஞாயிறு திருப்பலி நிற்கிறது. உறங்குமுன் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்வது எப்போது நின்றது என்று எவருக்கும் நினைவே இல்லை. இவையெல்லாம் பழைய தலைமுறையின் அலங்காரம் என்று எண்ணிவிட்டோம்.

நின்றபின் எதுவும் நடக்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சமதளத்தில் ஓடும் வரை அடிச்சக்கரம் இல்லாத குறை தெரியாது. சம்பளம் ஒழுங்காக வரும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கும். வீட்டில் நோய் இராது. அவ்வேளையில் செபம் தண்டவாளத்தைத் தொடாமல் தொங்கும் சக்கரத்தைப்போல வீணாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் மேட்டின் உச்சியைக் கடந்தே தீரவேண்டும். மருத்துவர் தாழ்ந்த குரலில் ஒரு நோயின் பெயரைச் சொல்லும் நாள் வரும். வேலை போன நாள் வரும். வளர்ந்த மகன் சொல்லாமல் வீட்டை விட்டுப் போன இரவு வரும். இருக்கையை விட்டு உயிரே எழும்பிவிடும் அந்த நொடியில், கீழிருந்து பற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டும். அதை அந்த நொடியில் பொருத்த இயலாது. முன்னரே பொருத்தியிருக்கவேண்டும்.

பங்குப் பணியில் துக்க வீடுகள் பலவற்றுக்குச் செல்லும் எந்தக் குருவும் இதற்குச் சாட்சி சொல்வார். நாள்தோறும் செபித்துப் பழகிய வீட்டில் அழுகை இல்லாமலில்லை. ஆனால் அழுகையினூடே ஒருவர் செபமாலையைத் தொடங்க, மற்றவர் உதடுகள் தாமாகவே தொடர்கின்றன. அதுவே அடிச்சக்கரம் பற்றும் நேரம்.

ஆகவே இவ்வாரத்தில் ஒரு மாலை, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக அமருங்கள். நம் வீட்டில் அழகுக்காக இருப்பவை எவை, உயிருக்காக இருப்பவை எவை என்று பேசுங்கள். பிள்ளைகளையும் பேச விடுங்கள். பெரியோர் காணாததை அவர்கள் காண்பர். அழகானவற்றுள் மகிழ்ச்சி தருவதை வைத்துக்கொள்ளுங்கள். பாரமாகிவிட்டதைத் துணிந்து இறக்கி வையுங்கள். எங்கோ கழற்றி வைத்த அச்சாணி ஒன்று நினைவுக்கு வந்தால், அன்றிரவே அதை மீண்டும் பூட்டிவிடுங்கள். பத்து மணிகள் போதும். நீண்ட செபம் வேண்டுவதில்லை. நம்மைப் பற்றியிருக்கும் ஆண்டவரின் கை ஒருபோதும் தளராது. அந்தக் கையை நாம் பற்றிக்கொள்ள நம் வீட்டில் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.